மேலே தள்ளினால் எரியும்

ராஜகீழ்ப்பாக்கம்
16.6.2024

அன்பான தம்பி சுந்தர்சிங்குக்கு அக்கா ரத்தினபாய் எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே ஒருவருக்கும் குறைவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் சிநேகிதன் ஏசுதாசன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

முதலில் பிள்ளைகள் சங்கதி. அதைச் சொல்லாமல் எனக்குப் பேனா நகராது. அபிகாயில் எம்.எஸ்ஸி. கணக்கில் கல்லூரியிலேயே முதலாவது. ஆகஸ்டில் பட்டமளிப்பு, தங்க மெடல் உண்டாம். எனக்கு வாய்ப்பாடு பதின்மூன்றாவதில் நின்றுபோனது உனக்குத் தெரியும். அந்த ஐந்தாங் கிளாஸ்காரியின் பேத்தி இவள். ஜாய்சன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். சர்ச்சில் கீபோர்டும் அவன்தான். என் காதுக்கு அவன் வாசிப்பது கேட்காவிட்டாலும் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழ்க்கட்டளையில் மகள் வயிற்றுப் பேத்தி தமிழினி உயரம் தாண்டுவதில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணுக்குக் கால் நீளம், வேறொன்றும் இல்லை.

இனி வீட்டுச் சங்கதி. போன வெள்ளிக்கிழமை பிரேம் மாடியில் ஏசி போட்டிருக்கிறான், மருமகள் வெண்ணிலா கரண்டு அடுப்பில் பால் வைத்திருக்கிறாள், ஜாய்சன் வெந்நீர் போட்டிருக்கிறான். பியூஸ் பலகை படபடவென்று வெடித்ததாம். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, தீய்ந்த வாடைதான் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நீ செய்து மாட்டிய மரப்பலகை பாதி கரிந்து கிடக்கிறது. கட்டைக்குக் கட்டை வெள்ளை பெயின்டில் நீ எழுதின அறைப் பெயர் ஒன்றும் தெரியவில்லை.

பீர்க்கன்கரணையிலிருந்து குப்புராஜ் என்று ஒரு வயர்மேன் வந்தான். ஒரு வயரைத் தொட்டான், அது முறுக்கு மாதிரி உதிர்ந்தது. பிறகு ஹாலில் சுவிட்சைக் கீழே தட்டினான். எரியவில்லை. மேலே தள்ளினான். எரிந்தது. அடுத்ததும் அப்படியே.

"இன்னா ஆயா இது, சுச்சு அல்லாம் தலகீழா கீது? எவன் மாட்னது, தண்ணி போட்டுகினு மாட்னானா?" என்று என் காதருகே வந்து கத்தினான்.

"என் தம்பிடா" என்றேன்.

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல ஆயா. ஸ்டைலா கீது."

இந்த வீட்டுக்கு வருகிற ஒற்றை லைன் இனிமேல் தாங்காதாம். போஸ்டிலிருந்து புது கேபிள் இழுத்து, மூன்று பேஸ் கரண்டாக்கி, புது மீட்டர், புதுப் பெட்டி வைத்து, உள்ளே இருக்கிற வயர் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். பிரேம் உடனே செய்வோம் என்கிறான். நான்தான், சுந்தருக்கு எழுதிக் கேட்காமல் அந்தப் பலகையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீயே வந்து நில்லேன். கல்யாணம் ஆகும்வரை நீ இருந்த பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. லில்லி போன பிறகு உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? வேலை பார்க்க வந்ததாக இருக்கட்டும், அப்படியே இங்கேயே இரு. போனில் நீ பேசினால் எனக்கு வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கிறது. அதனால் பதிலைக் காகிதத்திலேயே போடு.

அன்புள்ள அக்கா,
ரத்தினபாய்


தூத்துக்குடி
5.7.2024

அக்காவுக்கு சுந்தர்சிங்கின் ஸ்தோத்திரம். நான் சுகம். முழங்கால் அதன் இஷ்டப்படி சுகம். பிள்ளைகள் மூவருக்கும் மாமா தாத்தா சந்தோஷப்பட்டதாகச் சொல்லவும். தமிழினியிடம், முதலாவது வந்த பெண்ணின் காலைப்பற்றி உன் பாட்டி சொன்னதை வெளியே சொல்லாதே என்று சொல்லவும்.

பலகையைக் கழற்ற என் உத்தரவு எதற்கு? ரப்பர் போர்த்திய வயர் இத்தனை வருஷம் உழைத்ததே பெரிது. உதிர்கிறது என்றால் அதோடு ஒருநாள்கூடப் படுத்துத் தூங்காதே. பிரேம் சொல்வதுதான் சரி.

அந்த வயர்மேன் கேட்டதை வாசித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். தண்ணி போடவில்லை அக்கா, அவசரத்தில் மாட்டினேன். ஹாலில் முதல் சுவிட்சைத் தலைகீழாக வைத்து முடுக்கிவிட்டேன். அத்தான் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் கழற்றித் திருப்பி மாட்டியிருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதனால் வீடு முழுவதும் அப்படியே மாட்டினேன். ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால்தானே தப்பு?

வீட்டுப் பிரதிஷ்டை அன்று சர்ச் ஐயர் ஜெபத்தை முடித்து, "வெளிச்சம் உண்டாவதாக" என்கிற முகத்தோடு சுவிட்சைக் கீழே தட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் எரியவில்லை. கூட்டம் முழுவதும் என்னைப் பார்க்கிறது. "ஐயரே, மேலே தள்ளுங்க. இந்த வீட்டுக்கு வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும்" என்றேன். அத்தான் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வரச் சொல்கிறாய். இப்போது வெயில் கடுமை. பிறகு பார்ப்போம்.

இப்படிக்கு,
சுந்தர்சிங்


ராஜகீழ்ப்பாக்கம்
21.7.2024

என் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மழை தலையைக் காட்டிவிட்டுப் போனது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஜாய்சனோடு சண்டை போடுகிறேன். குறை ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்ததும் வெண்ணிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதுப்பெண்ணாக வந்த நாளில் விளக்கைப் போடத் தெரியாமல் இருட்டில் நின்றேனே, அது உங்க தம்பி செய்த வேலையா அத்தை என்றாள். பிரேமும் அப்படித்தான். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் கரண்டு இல்லை என்று வார்டனிடம் போய்ச் சொன்னானாம். நம் பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒருதரம் தப்பாகத்தான் தட்டும். தட்டிவிட்டு, தானே சிரித்துக்கொள்ளும். அதைப் பார்த்தாலே எனக்கு நம் வீட்டுப் பிள்ளை என்று நெஞ்சு நிறையும்.

மூன்று பேஸுக்கு மனுக் கொடுத்தாயிற்று. அதுவரை விளக்கும் பேனும் மட்டும்தான் போடுகிறோம். இ.பி.யிலிருந்து ஒரு சார் வந்து போஸ்டையும் வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார். மரியாதையான மனுஷர். அவரும் ஹால் சுவிட்சைக் கீழேதான் தட்டினார்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் எழுத்து எப்போதும் ரூல் போட்ட மாதிரி நேராக இருக்கும். இந்தத் தடவை வரி எல்லாம் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அதோடு, எந்தக் கடிதமானாலும் கடைசியில் "பிள்ளைகளின் புது போட்டோ ஒன்று தபாலில் போடு" என்று எழுதாமல் நீ முடித்ததில்லை. இதில் அது இல்லை. மறந்தாயா, அல்லது பிள்ளைகள் சலித்துவிட்டார்களா?

வெயில் தணிந்துவிட்டது. எப்போது வருகிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


தூத்துக்குடி
19.8.2024

அக்கா, வணக்கம். பதில் எழுதத் தாமதம். சுகமாக இருக்கிறேன்.

மேஜைக்கு ஒரு கால் ஆடுகிறது. அதனால்தான் எழுத்து அப்படி. போட்டோ கேட்காததற்குக் காரணம், சுவரில் இடம் இல்லை.

இந்த மாதம் சர்ச்சில் அசன விருந்து, நான் இல்லாமல் நடக்காது. வேலை முடிந்ததும் எழுது.

சுந்தர்சிங்


ராஜகீழ்ப்பாக்கம்
8.9.2024

அன்புள்ள சுந்தருக்கு, அக்காவின் அன்பும் விசாரிப்பும். அசனம் நல்லபடி நடந்ததா? சோறு குழையாமல் இருந்ததா? மேஜைக் காலுக்கு ஒரு அட்டையை மடித்து வை.

இங்கே ஒரு சிக்கல். வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் எந்தப் பியூஸ் கட்டை எங்கே போகிறது என்று குப்புராஜுக்குத் தெரிய வேண்டுமாம். கட்டை ஆறு, வயர் கரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதில் இரண்டுதான் பிடிபட்டது. கீழ் வரிசையில் கடைசியாக இருக்கிறதே, அதைக் கழற்றினால் வீட்டில் ஒன்றும் அணையவில்லை, மாட்டினால் ஒன்றும் எரியவில்லை.

"இது சொம்மா மாட்டி வச்சிகீறாரு ஆயா உங்க தம்பி. அழகுக்கு."

"அவன் அழகுக்கு ஒன்றும் செய்யமாட்டான்டா. ஏதாவது இருக்கும்" என்றேன்.

அதனால் பலகையை ஜாய்சன் போட்டோ எடுத்தான். சேலையூர் ஸ்டூடியோவில் கொடுத்து தபால் அட்டை அளவுக்குப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து, எது எதற்கு என்று எழுது. கூடவே அபிகாயிலின் பட்டமளிப்புப் படமும் போட்டு வந்திருக்கிறது. கறுப்பு அங்கியும் மெடலுமாக ராணி மாதிரி இருக்கிறாள். ஒரே கவரில் திணித்தால் மடங்கும், அதைப் பிறகு அனுப்புகிறேன். சுவரில் ஓர் இடத்தைக் காலி செய்து வை.

பின்னறையை வெள்ளையடித்தாயிற்று. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அக்கா ரத்தினபாய்


தூத்துக்குடி
27.9.2024

மதிப்பும் அன்பும் உள்ள அக்காவுக்கு. இங்கே உப்புக் காற்றும் நானும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

படம் வந்து சேர்ந்தது. பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது. ஜாய்சனுக்கு நல்ல கை. பலகையை மறுபடி பார்த்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

குப்புராஜிடம் சொல். மேல் வரிசையில் இடது பக்கம் ஹால். நடுவில் இருப்பது அத்தான் அறை. அத்தான் ரேடியோவில் செய்தி கேட்கும் நேரம் பார்த்து நான் அந்தக் கட்டையைப் பிடுங்கி வைப்பேன். அவர் ரேடியோவைத் தட்டு தட்டென்று தட்டுவார். நீ சமையலறையில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நிற்பாய். வலது பக்கம் சமையலறை. அந்தக் கட்டை பீங்கானில் மூலை உடைந்திருக்கும். பிரேம் குழந்தையாக இருந்தபோது கொட்டையுடைக்க எடுத்தது.

கீழ் வரிசையில் முதலாவது கிணற்று மோட்டார். மோட்டார் போட்ட அன்று தண்ணீர் பீறிட்டு அடுத்த மனை வரைக்கும் போனது. அடுத்த மனையில் அப்போது வீடு ஏது, முள்ளுக்காடுதான். மொட்டைமாடியில் நின்றால் ஏரி தெரியும். சாயங்காலம் அத்தானும் நானும் மேலே உட்கார்ந்து, தாம்பரம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில் நுழையும்போது கம்பியில் பறக்கிற பொறி இங்கிருந்து தெரிகிறதா என்று பந்தயம் கட்டுவோம். தெரியாது. தெரிகிறது என்று அவர் சாதிப்பார்.

நடுவில் என் பின்னறை.

கடைசிக் கட்டை அழகுக்கு இல்லை. அது நட்சத்திரம். கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கென்று மொட்டைமாடிக் கம்பம் வரைக்கும் தனி லைன் இழுத்தேன். டிசம்பர் பிறந்ததும் அத்தான் கட்டையை மாட்டுவார், பிள்ளைகள் கீழே நின்று கை தட்டும். பிறகு நீங்கள் கடையில் விற்கிற சீரியல் லைட் வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டீர்கள். கம்பத்தில் வயர் அறுந்திருக்கும், அதனால்தான் ஒன்றும் எரியவில்லை.

பலகை முழுவதையும் கண்ணால் கண்ட மாதிரி எழுதிவிட்டேன். வேலையை நடத்தவும்.

தம்பி சுந்தர்சிங்


ராஜகீழ்ப்பாக்கம்
13.10.2024

சுந்தர், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிற அக்கா எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வைத்து குப்புராஜ் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தான். ஆறும் சரி. சமையலறைக் கட்டையின் உடைந்த மூலைகூடச் சரி. மாடியில் கம்பத்தில் வயர் அறுந்திருந்ததும் சரி. "இன்னா ஆயா இது, ஊர்ல குந்திகினு கரெக்டா சொல்றாரு! படத்துல மாடி எங்க கீது?" என்றான். நானும் பெருமையில் பூரித்துப்போய் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை சர்ச்சுக்குப் புறப்படும்போது அலமாரியிலிருந்து அத்தானின் பழைய வேதப்புத்தகத்தை எடுத்தேன். மடங்காமல் இருக்கட்டும் என்று அபிகாயில் படத்தை அதற்குள்தான் வைத்திருந்தேன், உனக்கு அனுப்ப. எடுத்துப் பார்த்தால் அபிகாயில் இல்லை. பலகை இருந்தது.

கவரில் போட்டபோது மாறிவிட்டது தம்பி. உனக்கு வந்தது பலகை இல்லை, அபிகாயில். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பளிச்சென்று இருக்கிறது, பலகையைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

இன்று நான் சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேஜைக் காலும் இல்லை, சுவரும் இல்லை. இல்லையா?

இந்தக் கடிதத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். லென்ஸ் வைத்தாவது வாசிப்பாய் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் ஏசுதாசனிடம் கொடு. வெட்கப்படாதே.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். போனில் எனக்குக் கேட்காது. காகிதத்தில் உனக்குத் தெரியாது. அப்புறம் நாம் இரண்டு பேரும் எப்படித்தான் பேசிக்கொள்வது? ஒரே வீட்டில் இருந்தால் நீ என் காதருகே வந்து சொல்லலாம், நான் கேட்பேன். குப்புராஜ் கத்துவதே எனக்குக் கேட்கிறது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

கெஞ்சிக் கேட்கும்
அக்கா


ராஜகீழ்ப்பாக்கம்
17.11.2024

சுந்தர், சுகமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டாலே இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். கேபிள் இழுக்கிற வேலை நின்றிருக்கிறது. பலகையை இன்னும் கழற்றவில்லை. கழற்றவும் மனம் வரவில்லை.

படத்தைப்பற்றி எழுதியது உன் மனதைப் புண்படுத்தியிருந்தால், அக்காதானே. ஒரு வரி போடு. யார் கையெழுத்தானாலும் சரி.

அக்கா


தூத்துக்குடி
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சுந்தர்சிங் சொல்லி எழுதுவது. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். (அக்கா, நான் ஏசுதாசன். இவன் சொல்லச் சொல்ல நான் எழுதுதேன். பொய் சொன்னா நடுவுல நான் எழுதிருவேன்னு சொல்லித்தான் உக்காந்திருக்கேன். சௌகரியமெல்லாம் இல்ல. போன வாரம் மாடிப்படியில சறுக்கி விழுந்தான். சிராய்ப்புதான், பயப்படாதிய.)

கண்ணில் நீரழுத்தமாம். மெதுவாக வந்து பார்வையைத் தின்றுவிட்டது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இன்னொன்றில் நீராவிக்குள் பார்க்கிற மாதிரி. உன் எழுத்து பெரிது, லென்ஸ் வைத்து எழுத்து எழுத்தாக வாசித்து வந்தேன். படம்தான் வாசிக்க வராது. (அந்தப் படத்தை எங்கிட்ட காட்டியிருந்தா பொம்பளப்புள்ளன்னு சொல்லியிருப்பேன். காட்டலியே.)

உன்னைக் கோபிக்கவில்லை. அபிகாயில் முகத்தைப் பலகை என்று எழுதியதற்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரச் சொல்கிறாய். பழைய வீடாக இருந்தால் வந்திருப்பேன் அக்கா. அந்த வீட்டில் ஒவ்வொரு ஆணியும் என் கையால் அடித்தது. வாசலில் நுழைந்து இடது கையைத் தூக்கினால் சுவிட்ச் இருக்கும். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறீர்கள். அதுதான் சரி, நான்தான் செய்யச் சொன்னேன். ஆனால் அது எனக்குத் தெரியாத வீடு. சுவரைத் தடவிக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் பார்த்து ஓடி வந்து கையைப் பிடிக்கும். ஒருநாள் பிடிக்கலாம், இரண்டு நாள் பிடிக்கலாம். வீட்டுக்கே வயரிங் போட்டவன் விளக்குப் போட ஆள் கூப்பிட வேண்டுமா? வேண்டாம். இங்கே ஓர் அறை, ஒரு சுவிட்ச். போதும்.

(இதுல பொய் ஒண்ணும் இல்ல. மத்தியானம் சாப்பிடல.)

உனக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து.

சுந்தர்சிங்
(கையெழுத்து அவனே போட்டான். கோட்டுக்கு மேல விழுந்துட்டு.)


ராஜகீழ்ப்பாக்கம்
12.1.2025

என் அருமைத் தம்பிக்கு அக்காவின் முத்தம். ஏசுதாசன் தம்பி, நீங்களும் வீட்டாரும் சுகமா? இதைச் சத்தமாக, நிறுத்தி வாசிக்கவும். நடுவில் அவன் வேண்டாம் என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல் மேலே வாசிக்கவும்.

சுந்தர், வேலை முடிந்தது. போஸ்டிலிருந்து கறுப்புக் கேபிள் வந்தாயிற்று, புது மீட்டர் வைத்தாயிற்று. பின்பக்கம் குழி தோண்டி மூட்டையாக உப்பும் கரியும் கொட்டினான் குப்புராஜ். ஊறுகாய் போடுகிறாயா என்று கேட்டேன். "எர்த்து ஆயா. நீ ஷாக் அடிச்சி பூட்டன்னா உன் தம்பிக்கு நான் பதில் சொல்லணும்" என்றான். எங்கேயாவது கரண்டு கசிந்தால் தானாக நின்றுவிடுகிற ஒன்றையும் பெட்டியில் வைத்திருக்கிறான். ஏசியும் அடுப்பும் வெந்நீரும் சேர்ந்து ஓடுகிறது. வாடை இல்லை.

உன் கடிதம் வந்த அன்று சுவரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேம் ஆசைப்பட்டது வேறு. சுவிட்சை எல்லாம் இறக்கி, கட்டில் பக்கத்தில் வைத்து, ஊரில் எல்லாரும் போடுகிற மாதிரி போட. நான் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பழைய சுவிட்ச் எங்கே இருந்ததோ அங்கேயேதான் புதியதும் இருக்க வேண்டும், மேலே தள்ளினால்தான் எரிய வேண்டும் என்றேன்.

"ஆயா, ஆன் பக்கம் செவப்பு புள்ளி கீது. தலகீழா மாட்னா புள்ளி மாறிப்பூடும். பாக்கறவன் என்னத்தான் காறித் துப்புவான். குப்புராஜுக்கு தொழில் தெரியலன்னுவான்."

"என் தம்பி பெயரைச் சொல்லிக்கோ. அவனை நாற்பத்தைந்து வருஷமாகத் துப்புகிறார்கள். தாங்குவான்."

பிரேம் என் காதருகே வந்து, "அம்மா, காலம் போற போக்கு தெரியாம ஏம்மா அடம் புடிக்கிறீங்க?" என்றான். உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான். வாசித்துவிட்டுப் போய், அவனே பென்சிலை எடுத்துச் சுவரில் பழைய சுவிட்ச் இருந்த இடத்தை எல்லாம் வட்டம் போட்டுக் காட்டினான். உன் கை எட்டுகிற உயரத்துக்கு நீ வைத்தது. எனக்கு எட்டாமல் எத்தனை நாள் உன்னைத் திட்டியிருப்பேன். அதே உயரத்தில்தான் மறுபடி வைத்திருக்கிறது. நான் எம்பியே போட்டுக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். புதுப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கிறதே, பியூஸுக்குப் பதில் வருகிற குட்டிச் சுவிட்ச், அது எப்படி என்று நினைக்கிறாய்? மேலே தள்ளினால் எரிகிறது, கீழே இறக்கினால் அணைகிறது! எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்கிறதாம். குப்புராஜிடம் காட்டினேன். தலையைச் சொறிந்தான். "ஆமா ஆயா. உங்க தம்பி முன்னாடியே பூட்டாரு, இவனுங்க இப்பத்தான் வந்துகினு கீறானுங்க" என்றான். உன் அத்தான் இருந்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

பெட்டியில் கடைசிச் சுவிட்ச் நட்சத்திரத்துக்கு. மாடிக் கம்பம் வரைக்கும் புது வயர் போட்டு, இந்தக் கிறிஸ்மஸுக்கு எரிந்தது. வழக்கப்படி இறக்கியிருக்க வேண்டும். நான் இன்னும் அணைக்கவில்லை. தெருவில் கேட்கிறார்கள். வீட்டுக்காரன் வந்து அணைப்பான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வேலை முடிந்த மறுநாள், வாசலில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நுழைந்து இடது கையைத் தூக்கினேன். எட்டவில்லை, எம்பினேன். இருந்தது. அங்கிருந்து அத்தான் அறை, சமையலறை, நடையைக் கடந்து உன் பின்னறை. ஓர் இடத்தில்கூடச் சுவரைத் தடவவில்லை. வெண்ணிலா ஓடி வந்து, "அத்தை, தலை சுத்துதா?" என்று பிடித்துக்கொண்டாள். இல்லையடி, சுந்தருக்கு வீடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். ஒரு வித்தியாசம்தான். பழைய சுவிட்ச் குமிழாக இருக்கும், இது தட்டை. கை பழகிவிடும்.

இது உனக்குத் தெரியாத வீடு இல்லை தம்பி. இனி என்ன சாக்குச் சொல்லப்போகிறாய்?

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏசுதாசன் ஏற்றிவிடட்டும். காலையில் தாம்பரம் வந்துவிடும். இங்கே வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஜாய்சன் பிளாட்பாரத்தில் நிற்பான். கையைப் பிடிக்காதே, பெட்டியை மட்டும் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் உன்னைப் பார்த்தது லில்லி அடக்கத்தின்போது, அப்போது சின்னப் பையன். ஹாலில் மாட்டியிருக்கிற உன் படமோ, ஏணிமேல் ஸ்க்ரூடிரைவரும் மீசையுமாக நிற்கிற படம். அதை வைத்துத் தேடினால் பிள்ளை யாராவது கல்லூரிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

அதனால் நல்ல சட்டை போட்டு, தலையைச் சீவிக்கொண்டு, ஏசுதாசனோடு ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு புது போட்டோ எடுத்து உடனே தபாலில் போடு. கவரில் போடும்போது மாற்றிவிடாதே. நன்றாக வந்திருக்கிறதா என்று நீ கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ரத்தினபாய்